பாதி மீசை

முகமெல்லாம் நுரையோடு காளிராஜ் ரேசரைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஜன்னல் கம்பியில் ரசம் போன கண்ணாடி சாய்ந்திருந்தது. பக்கத்தில் அப்பா தவசிமுத்து வயிற்றை அமுக்கிப் பிடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். இன்றைக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். நாளைக்கு வயிற்றில் ஆபரேஷன். புறப்படுகிற காலையில்தான் மகனுக்குச் சவரம் பழக்கியாக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

வெந்நீரில் பிரஷ்ஷை ஊறவை, கன்னத்தை இழுத்துப் பிடி, முடி படுத்திருக்கிற போக்கிலேயே ரேசரை இறக்கு, அமுக்காதே, அதன் கனமே போதும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தார். முடித்த பிறகு விரலால் எதிர்த்துத் தடவிப் பார்க்க வேண்டுமாம். மிச்சம் இருந்தால் விரலுக்குத்தான் தெரியும் என்றார். ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் துணி செக்கிங் அவருக்கு வேலை. ஓடுகிற துணியில் ஒரு இழை விட்டுப்போயிருந்தாலும் எட்ட நின்றே சொல்லிவிடுவார்.

“மீசைகிட்ட போகையில மூச்சைப் பிடிச்சுக்கோ. அதுல மட்டும் பிளேடு பட்டிரக் கூடாது.”

ஏன் என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. அப்பன் செத்தால்தான் மகன் மீசையை எடுப்பான். போன வருசம் சின்னக்கருப்பன் மொழுமொழுவென்ற உதட்டோடு வகுப்புக்கு வந்தபோது அவனிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பெஞ்சில் தள்ளி இடம் விட்டார்கள், அவ்வளவுதான்.

காளிராஜ் மூச்சைப் பிடித்தான். அந்த நேரம் பார்த்து அப்பா முனகிக்கொண்டு முன்பக்கமாக மடங்கினார். பதறிப்போய்த் திரும்பினான். முகம் திரும்பியது, ரேசர் நின்ற இடத்திலேயே நின்றது. இடது பக்கத்து மீசை நுரையோடு வழிந்து போயிற்று.

துண்டை எடுத்து வாயைச் சுற்றிக் கட்டிக்கொண்டான். பல் வலி என்றான். அம்மா நாச்சியாருக்கு அதை விசாரிக்கப் பொழுதில்லை. ஒரு கிராம்பைக் கையில் கொடுத்து, வயர்கூடையைத் தூக்கச் சொன்னாள். டவுன் பஸ்ஸில் கிராம்பு வாயெல்லாம் எரிந்தது. முன் சீட்டில் அப்பாவின் பிடரி ஆடிக்கொண்டே வந்தது. அதைப் பார்க்கப் பார்க்க, தான்தான் அவரை முந்திக்கொண்டு அனுப்பிவைத்துவிட்டோம் என்று அவனுக்குத் தோன்றியது.

மறுநாள் வரை துண்டை அவிழ்க்கவில்லை. மம்சாபுரத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு வந்த அப்பாவின் தங்கை சுடலைமாடத்தி அத்தை ஒத்தடம் கொடுக்கிறேன் என்று கிட்ட வந்தபோது அவள் கையைத் தட்டிவிட்டான்.

ஆபரேஷனுக்கு முன்னால் மருந்து வாங்க அம்மாவும் அத்தையும் வெளியே போனார்கள். அப்பாவின் வலது கையில் குளுக்கோஸ் ஊசி ஏறியிருந்தது.

“துண்டை எடுலே.”

“பல்லு வலிக்கி யப்பா.”

“எந்தப் பல்லுலே உதட்டுக்கு மேல முளைச்சிருக்கு?”

எடுத்தான். அப்பா அந்தப் பாதி மீசையைப் பார்த்தார். அவனுக்கு அழுகை பீறிட்டது.

“தெரியாமப் பட்டுட்டு யப்பா. நீங்க உள்ள போவாதீய. ஆபரேசன் வேண்டாம்னு சொல்லிருவோம். இது வளந்த பொறவு வருவோம்.”

“அம்புட்டு நாள் என் வயிறு பொறுக்குமால?”

கூடையில் இருக்கும் சேவிங் செட்டை எடுக்கச் சொன்னார். மிச்சத்தையும் வழிக்க வேண்டுமாம். காளிராஜ் மாட்டேன் என்று தலையை ஆட்டினான். பாதி மீசையோடு காலம் முழுக்கத் திரிகிறேன், இதை மட்டும் தொட மாட்டேன் என்று கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

“நான் முழிச்சுக்கிட்டுப் பாக்கையில எடுக்கது கணக்குல சேராதுலே. எடு.”

கண்ணாடி கொண்டுவரவில்லை. அப்பாவின் கண்ணைப் பார்த்தே வழித்தான். இன்னும் கீழே, சாய்த்துப் பிடி என்று அவர் மெல்லச் சொல்லிக்கொண்டு வந்தார். மூக்கடிக்குப் போகுமுன் சட்டென்று இடது கையால் அவன் மணிக்கட்டைப் பிடித்தார்.

“போதும். சுத்தமாப் போயிட்டு.”

ஸ்ட்ரெச்சர் வந்தது. அவரை உள்ளே தள்ளிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார்கள். திரும்பி வந்த அத்தை முதலில் பார்த்தது காளிராஜின் உதட்டைத்தான். மருந்துப் பையைக் கீழே போட்டுவிட்டு, ‘எங்கண்ணே’ என்று மாரில் அடித்துக்கொண்டாள். அம்மா அப்படியே சுவரோடு சரிந்தாள். அப்பா உள்ளே உயிரோடுதான் இருக்கிறார் என்று திரும்பத் திரும்பச் சொல்லி அவர்களுக்கு விளங்கவைத்தான். அதன் பிறகும் அத்தை அவன் பக்கம் திரும்பவில்லை.

வெளி பெஞ்சில் இருவரும் அவனைத் தனியே விட்டுத் தள்ளி உட்கார்ந்தார்கள். போகிறவர் வருகிறவரெல்லாம் அவன் முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்கள். முன்பின் தெரியாத ஒரு பெரியவர் வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

“பாடிய எப்ப குடுக்காகளாம் தம்பி?”

“எங்கப்பா உள்ள இருக்காக.”

பெரியவர் நம்பவில்லை. பாவம் என்பதுபோல் முதுகைத் தட்டிவிட்டுப் போனார்.

அப்போதுதான் எதிர்த்துத் தடவிப் பார்க்க வேண்டும் என்பது நினைவுக்கு வந்தது. விரலை மேல் உதட்டில் ஓட்டினான். மூக்குக்கு நேர் கீழே ஏதோ குத்தியது. திரும்பவும் தடவினான். நெல்லுமணி அளவுக்குக் கொஞ்சம் முடி அப்படியே நின்றது.

ஒரு இழை விட்டுப்போனாலும் எட்ட நின்றே சொல்லிவிடுகிற கண், ஒரு சாண் தூரத்தில் இதைப் பார்க்காமல் இருந்திருக்காது. முழுசாய் எடுக்கவிடவில்லை. கணக்கில் சேராது என்று சொன்னவரும் பயந்துகொண்டுதான் உள்ளே போயிருக்கிறார்.

காளிராஜ் அந்த இடத்தை விரலால் பொத்திக்கொண்டான். காற்றுப் பட்டால்கூட உதிர்ந்துவிடும் போலிருந்தது. கதவு திறந்து, “தவசிமுத்துவோட ஆளு யாரு?” என்று நர்ஸ் கேட்டபோது, விரலை எடுக்காமலேயே எழுந்தான்.