சவூதி என்று சொன்னதும்

...அப்படியானால் அந்தப் பெண் மீதிக் கேள்விகளைக் கேட்கவே இல்லையே, என்று கமர் ஜஹானுக்கு இப்போதுதான் உறைத்தது, டெஸ்டுக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து அரைமணி நேரம் ஆன பிறகு. கையில் முப்பத்தொன்று என்று எழுதிய சீட்டு, வியர்வையில் மை கலங்கி முப்பத்தேழு மாதிரித் தெரிகிறது. உள்ளே ஜோதி என்று பெயர் குத்தியிருந்த ஆலோசகர் நல்ல பெண்தான், முகம் சுளிக்கவில்லை, குடிக்கத் தண்ணீர்கூடக் கொடுத்தாள். "வீட்டுக்காரர் என்ன பண்றாருங்கம்மா?" "சவூதில டிரைவரா இருக்காங்க." சவூதி என்று முழுசாக வாயிலிருந்து வருவதற்குள் பேனா இறங்கிவிட்டது, ஒரு கட்டத்தில் டிக், அவ்வளவுதான். அதற்குக் கீழே இன்னும் எத்தனையோ கட்டங்கள், தலைகீழாக இருந்தாலும் தமிழ் எழுத்து தெரியாமலா போகும், ஊசி, ஆபரேஷன், ரத்தம் ஏற்றியது... எல்லாவற்றின் மேலும் ஒரே இழுப்பாக ஒரு கோடு. "இங்க வர்றதுல உங்க பக்கத்து ஆளுங்கதாங்கம்மா அதிகம், நீங்க என்ன பண்ணுவீங்க பாவம், அவங்க போற இடம் அப்படி." உங்க பக்கம் என்றால் எந்தப் பக்கம், கமர் குடியிருக்கிற பாலக்கரையா, அவள் போட்டிருக்கிற புர்காவா? அதைக் கேட்காமல் இவள் தலையாட்டிவிட்டு வந்தாள். எதற்காகத் தலையாட்டினாள்?

கர்ப்பப்பையில் கட்டி, சின்ன ஆபரேஷன்தான் என்றார்கள். தனியார் ஆஸ்பத்திரியில் அதற்காக எடுத்த ரத்தத்தில், ஒரு டெஸ்ட்ல சந்தேகமா இருக்கு, அரசு ஆஸ்பத்திரில இன்னொரு தடவை பார்த்துட்டு வாங்க, என்று டாக்டர் சொன்னார், நோயின் பெயரைச் சொல்லவில்லை, காகிதத்தில் மூன்று ஆங்கில எழுத்து இருந்தது. அந்த மூன்று எழுத்தும் அவளுக்குத் தெரியும், தெரியாமல் இருக்குமா, இருபது வருஷமாக மச்சானுடைய மெடிக்கல் காகிதத்தில் பார்க்கிறாளே, விசா புதுப்பிக்கும்போதெல்லாம் அவள் புருஷன் நசுருதீன் ரத்தம் கொடுக்க வேண்டும், அந்த எழுத்துக்கு எதிரே நெகட்டிவ் என்று வந்தால்தான் வேலை, இல்லையென்றால் விமானம் ஏற்றி அனுப்பிவிடுவார்கள். ஒவ்வொரு தடவையும் அதை போட்டோ எடுத்து அனுப்புவார், "பாஸாயிட்டேன் கமரு" என்பார், இவள் இனிப்புக்குக் கடல்பாசி காய்ச்சித் தட்டில் ஊற்றி நாத்தனார் மஹ்ஜபீன் வீட்டுக்குக் கொடுத்தனுப்புவாள். கடைசியாக நாலு மாதம் முன்பு. அந்தக் காகிதம் தனக்கும் சேர்த்துத்தான் என்றல்லவா இத்தனை காலமும் இருந்துவிட்டாள், அவர் ரத்தம் சுத்தமென்றால் என் ரத்தமும் சுத்தம் என்று, ஒரே ரேஷன் கார்டில் இரண்டு பெயர் மாதிரி... யா அல்லாஹ், அவர் சுத்தம் என்றால் இது எங்கிருந்து வந்தது என்றுதானே கேட்பார்கள். மஹ்ஜபீன்தான் முதலில் கேட்பாள், சத்தம் போடாமல், சமையல்கட்டில் வைத்து, "அண்ணன் பேப்பர்தான் சுத்தமா இருக்கே மதினி, அப்ப எங்கேருந்து?" அந்தக் குரல் இப்போதே காதில் விழுகிறது. மகள் அல்ஷிஃபாவுக்கு அடுத்த மாதம் நிக்காஹ், மாப்பிள்ளை வீட்டில் என்ன சொல்வார்கள், வீட்டுக்கு யார் யார் வருகிறார்கள் என்று எண்ண ஆரம்பிப்பார்கள், கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவன், சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிப்போகிற ஆட்டோக்காரர் அழகர்சாமி, அவருக்கு அறுபது வயது, காது கேட்காது, அவரைக்கூட விட்டுவைக்க மாட்டார்கள். இன்றைக்கு அவர் ஆட்டோவில் வராமல் பஸ்ஸில் வந்தது நல்லதாகப் போயிற்று. மகளுடைய நிகாபைக் கட்டிக்கொண்டு வந்ததும். இவளுக்கு முகம் மூடுகிற பழக்கம் கிடையாது, மூச்சு முட்டுகிறது, முட்டட்டும்.

"நீங்க ரத்தம் குடுத்தாச்சா?" பக்கத்தில் இருந்த அம்மாள் கேட்டாள், மாஸ்க் போட்டவள், மடிசார் இல்லை, சாதாரணப் பட்டுக்கரைப் புடவைதான், ஆனால் பேச ஆரம்பித்ததும் ஸ்ரீரங்கம் என்று தெரிந்துவிட்டது. கொடுத்தாச்சுங்க, ஆபரேஷனுக்குப் பார்த்ததுல ஏதோ சந்தேகம்னாங்க, என்று கமர் முணுமுணுத்தாள். "உங்களை உடனே கேட்டுட்டா. எங்காத்துக்காரருக்கு ஒன்றரை வருஷமா ஜுரம், இளைச்சுண்டே போறார். நாலு டாக்டர் பார்த்தா. சர்க்கரைன்னா, டிபின்னா, வயித்துல பூச்சின்னுகூட ஒருத்தர் மருந்து குடுத்தார். இதை மட்டும் யாரும் கேக்கலை. நெத்தியில திருமண்ணைப் பார்த்துட்டு எப்படிக் கேப்பா? நேக்கே தோணலையே." அப்புறம் யாருங்க கேட்டாங்க? "டாக்டருக்குப் படிக்கற பொண்ணு ஒருத்தி, வடக்கத்திக்காரி. அவளுக்குத் திருமண்ணுன்னா என்னன்னே தெரியாது. அதான் கேட்டுட்டா." மாஸ்க்குக்குள் அந்த அம்மாள் சிரித்த மாதிரி இருந்தது, சிரிப்பா என்று நிச்சயமில்லை. "முந்தியே கேட்டிருந்தா முந்தியே மாத்திரை போட்டிருக்கலாம், நன்னா நடமாடிண்டு இருந்திருப்பார்னு சொல்றா. இப்போ மேல வார்டுல கிடக்கார். நேக்கு இன்னிக்கு டெஸ்ட். உங்களவாளைக் கேக்கறா, எழுதிக்கறா. எங்களவாளைக் கேக்கறதே இல்லை, கேக்காம எங்களுக்கெல்லாம் வராதுன்னு முடிவு பண்ணிடறா." மாஸ்க்கை மேலே இழுத்துவிட்டுக்கொண்டு, "நான் ரங்கநாயகி. வெளியில எங்கயாவது பார்த்தா தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதீங்கோ," என்றாள். நீங்களும்தாங்க, என்றாள் கமர். "உங்க முகத்தை நான் எங்கே பார்த்தேன்?" என்றாள் ரங்கநாயகி.

கேட்டால்தான் கணக்கில் வரும். ஜோதி கேட்காமல் கோடு இழுத்தாளே, அதில் ஒன்று, ரத்தம் ஏற்றியது... ஏற்றினார்களே. எப்படி மறந்தாள்? ஏழு வருஷம் முன்பு, மச்சான் லீவு முடிந்து போய் மூன்றாவது மாதம், வையம்பட்டிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில் கரு கலைந்து, புடவையெல்லாம் நனைந்து, வழியில் இருந்த ஏதோ ஒரு நர்ஸிங் ஹோமில் படுக்க வைத்து இரண்டு பாட்டில் ரத்தம், யாருடையதோ, தலைக்கு மேல் சிவப்பாகத் தொங்கியது, சொட்டுகளை எண்ணிக்கொண்டே தூங்கிப்போனாள். இப்போதே எழுந்து உள்ளே போய் அந்தக் கோட்டை அழிங்க என்று சொன்னால் என்ன? சொல்லலாம். சொன்னால் நம்புவார்களா, சீட்டு உண்டா, டாக்டர் பெயர் ஞாபகம் இருக்கிறதா? அந்த இடத்தில் இப்போது செல்போன் கடை இருக்கிறது, போன வருஷம் பஸ்ஸில் போகும்போது பார்த்தாளே. ரத்தம் ஏற்றினேன் என்று இவள் சொன்னால், இத்தனை நாள் இல்லாமல் இப்பத்தான் ஞாபகம் வந்துச்சா மதினி என்று அதற்கும் ஒரு கேள்வி வரும். ஆனால் சவூதி என்றால் ஒருவரும் சீட்டு கேட்கப்போவதில்லை, ஜோதி நம்பினாள், டாக்டரும் நம்புவார், ஊர் முழுக்க நம்பும், மஹ்ஜபீன்கூட அழுதுகொண்டே நம்பிவிடுவாள், இவளைக் கட்டிப்பிடித்துக்கொள்வாள், பாவம் மதினி நீங்க என்ன பண்ணுவீங்க என்பாள். அதற்கு ஒன்றே ஒன்றுதான் குறுக்கே நிற்கிறது, நாலு மாதம் முந்தைய அந்தக் காகிதம். லேப்பில் பேர் மாறிப்போயிருக்கலாம், நசுருதீன் என்ற பேரில் எத்தனையோ பேர். மாறியிருக்கட்டும்...

ரங்கநாயகியைக் கூப்பிட்டார்கள், புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு அவள் போனாள், திரும்பிப் பார்க்கவில்லை, பேசிவைத்த மாதிரியே. கதவு சாத்திக்கொண்டது. உள்ளே சத்தமே இல்லை. சத்தம் இல்லாவிட்டால் நல்லதா, கெட்டதா? கமர் கைகள் இரண்டும் மடியில் விரிந்திருந்தன, உதடு அசைந்துகொண்டிருந்தது, எப்போதிலிருந்து அசைகிறது என்று தெரியவில்லை, இல்லாமல் ஆக்கு ரப்பே, இந்த நோய் இல்லாமல் ஆக்கு என்றுதான் ஆரம்பித்தாள், நன்றாக ஞாபகம் இருக்கிறது, அது எங்கே வழிமாறிப் போயிற்று? அந்தக் காகிதம் தப்பாக இருக்கணும் ரப்பே, அவருக்கும் இருக்கணும், அவர்கிட்டேயிருந்துதான் வந்திருக்கணும்... மூன்று தடவையா, நாலா, அதற்கும் மேலா.

"முப்பத்தொண்ணு, உள்ள வாங்கம்மா."

எழுந்தாள். உள்ளே மேஜைமேல் காகிதம் இருக்கும், அதில் என்ன இருந்தாலும் அது ஏற்கெனவே எழுதியாகிவிட்டது. ஆனால் இருபது வருஷமாக ஐந்து வேளைத் தொழுகையிலும் எவருக்காகக் கேட்டாளோ அவருக்கு எதிராகக் கேட்டுவிட்ட துஆவை எப்படித் திரும்ப வாங்குவது, வாங்கத்தான் வேண்டுமா என்று அவளுக்குத் தெரியவில்லை, கதவுப்பிடியில் கை வைத்த பிறகும் தெரியவில்லை.