பால் பதம்

பெயிண்டுக்குப் பால் பதம் என்று எல்லோரும் சொல்லிவிடுகிறார்கள், எந்தப் பால், தண்ணீர் கலந்த பாலா, சுண்டக் காய்ச்சிய பாலா, அதை ஒருத்தரும் சொல்வதில்லை... குப்பியில் இன்னும் கொஞ்சம் தின்னர் விட்டுக் குச்சியால் கலக்கினான், சாம்பல் நிறம் கண்ணாடியில் வழிந்து இறங்கியது, இறங்குகிற வேகம் சரிதானா, யாரைக் கேட்பது, கேட்க வேண்டியவள் உள்ளே துணி மடித்துக்கொண்டிருக்கிறாள், அவளைத் தவிர யாரைக் கேட்டாலும் பரவாயில்லை. பால்கனித் தரையில் பழகிப் பார்க்க வாங்கிய பிளாஸ்டிக் கரண்டிகள் கிடந்தன, ஒன்றில் பெயிண்ட் கெட்டியாகிப் பொரிப்பொரியாகத் தெறித்திருந்தது, இன்னொன்றில் நீர்த்துப்போய்ச் சிலந்திக் காலாக நாலாபக்கமும் ஓடியிருந்தது. பொழுதுபோக்குக்குக் கற்றுக்கொள்கிறவனாக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம், சாயங்காலம் சின்ன விமானமும் கப்பலும் செய்கிறவர்களின் மாடல் சங்கத்தில் அத்தனை பேர் முன்னால் நின்று, பெயிண்டைக் காற்றில் தூவும் இந்த ஏர்பிரஷைப் பிடித்துக் காட்ட வேண்டும் அவன்.

பொய் சொல்லவில்லையே, சொன்னேனா? போன கூட்டத்தில் அந்தச் சின்ன விமானத்தை மேஜையில் வைத்ததும் கப்பல்காரர், கப்பல் மாடலைத் தவிர வேறெதையும் தொடாததால் அவருக்கு அந்தப் பெயர், மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்தார், இறக்கையில் பச்சை எங்கே முடிகிறது, பழுப்பு எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லையே என்றார், "கை பேசுது தம்பி" என்றார், அவன் சிரித்தான். அவ்வளவுதான், சிரித்தான். துண்டு துண்டாக ஒட்டியது அவன்தான், அதில் சந்தேகமில்லை, ஆனால் பெயிண்டில் கை வைத்ததும் சொதப்பிக் குப்பைக்கூடை வரை கொண்டுபோனவனிடமிருந்து அதைப் பிடுங்கி, கழுவித் துடைத்து, ஒரே மதியத்தில் அடித்து முடித்தவள் அவள், பேக்கரியில் கேக் மேல் இதே மாதிரி ஏர்பிரஷ் ஒன்றை வைத்துப் பூ வரைகிறவள். என் வீட்டுக்காரி அடிச்சது என்று சொல்ல எவ்வளவு நேரமாகியிருக்கும், சொன்னால் எது குறைந்துபோயிருக்கும்... அவள் என்ன வேலை செய்கிறாள் என்றே அங்கே யாருக்கும் தெரியாது, அவன் சொன்னதில்லை, ஏன் சொன்னதில்லை? அடுத்த தடவை எங்களுக்கும் செய்து காட்டுங்கள் என்று அவர்கள் கேட்டபோது முடியாது என்ற சொல்லும் வாயில் வரவில்லை, தலைதான் ஆடியது, வெட்கங்கெட்ட தலை.

விசையை அழுத்தி இழுத்தான், ஏர்பிரஷ் இருமித் துப்பியது, நல்ல கரண்டியில் அசிங்கமாக ஒரு திட்டு. சத்தம் கேட்டு அவள் வந்துவிட்டாள், கையிலிருந்த துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, "முனையில காஞ்சு போயிருக்கு, பாருங்க" என்று ஈரப் பஞ்சால் துடைத்தாள், குப்பியைச் சாய்த்துப் பார்த்துக் கண்ணளவில் தின்னர் சேர்த்தாள், என்ன திடீரென்று என்று கேட்டாள். சும்மா, கற்றுக்கொள்ளலாமென்று என்றான். அவள் முகம் மலர்ந்துவிட்டது, அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை, இத்தனை வருஷத்தில் அவளிடம் ஒன்றைக் கற்றுக்கொள்ள அவன் உட்கார்ந்ததே இல்லை என்பது அந்த மலர்ச்சியில்தான் அவனுக்கு உறைத்தது. பின்னால் நின்று அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"முதல்ல காத்தை மட்டும் விடுங்க. கை நகர ஆரம்பிச்சப்புறம்தான் பெயிண்ட். நிறுத்தும்போது பெயிண்டை முதல்ல நிறுத்தணும், காத்தைக் கடைசியில."

கரண்டியில் சாம்பல் நிறம் மூச்சுப் பட்ட கண்ணாடி போலப் படிந்தது, திட்டில்லை, ஓட்டமில்லை. வருகிறதே என்றான். அவள் கையை எடுத்துவிட்டு, விமானம் அங்கே எல்லோருக்கும் பிடித்திருந்ததா, நீங்கள் ஒன்றுமே சொல்லவில்லையே என்றாள். பிடித்திருந்தது என்றான், நீயும் வாயேன் சாயங்காலம் என்பது தொண்டை வரை வந்தது, அதற்குள் அவள் மிச்சத் துணிக்குத் திரும்பிப் போய்விட்டாள், கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான்... அடுத்த கரண்டியை எடுத்தான், கை நகர்ந்தது, உதடும் நகர்ந்தது, முதலில் காற்று, அப்புறம் பெயிண்ட், அவள் சொன்னதைத்தான் சொல்லிப் பார்க்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தவன் தன் குரலைச் சற்றுத் தாமதமாகத்தான் கேட்டான், சங்கக் கூடத்தில் பின்வரிசைக்கும் எட்டும்படியான குரல் அது. "நான் எப்பவுமே முதல்ல காத்தை மட்டும்தான் விடுவேன்."