எலிகள் எதைத் தின்றன

என் அக்காவுக்குக் கீரை என்றால் உயிர். காலில் ரத்தக்கட்டு வந்த பிறகு அந்தக் கீரையே அவள் உயிருக்கு உலை வைக்கப் பார்த்தது. ரத்தத்தை இளக்கும் மாத்திரை ஒரு பக்கம் இழுத்தால், கீரையில் இருக்கும் வைட்டமின் கே அதை உறையவைக்க இன்னொரு பக்கம் இழுக்கும். தினமும் ஒரே அளவாகச் சாப்பிட்டால் பயமில்லை என்றார் மருத்துவர். அளவாகச் சாப்பிடுவது எங்கள் குடும்பத்தில் யாருக்கும் கைவராத கலை. ஒரு வாரம் ஆசை தீரச் சாப்பிட்டாள். கட்டு திரும்ப வந்து மருத்துவமனையில் கிடந்தாள். அன்று முதல் பச்சை நிறத்தில் எதுவும் அவள் சமையலறைக்குள் நுழைவதில்லை.

இந்த மாத்திரைக்கு மாற்று தேடுவதுதான் என் பிழைப்பு. என்ன சாப்பிட்டாலும் வேலை மாறாத ஒரு புது மருந்து. ஆய்வுக்கூடத்தில் என் இளமையைத் தின்றதே அதுதான். மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்க்கும் நாள் வந்தால் முதல் ஆள் தானே என்று அக்கா சொல்லிவைத்திருந்தாள். தினமும் தொலைபேசியில் நச்சரிப்பு வேறு.

எலிகளிடம் அந்த மருந்து அபாரமாக வேலை செய்தது. பாதி எலிகளுக்குக் கீரைத்தூள் கலந்த தீனி, மீதிக்கு வைட்டமின் கே அறவே இல்லாத தீனி. இரண்டு கூட்டத்துக்கும் ரத்தம் உறையும் நேரம் அச்சடித்தாற்போல் ஒன்றாக இருந்தது. எங்கள் தலைவருக்குக் கால் தரையில் பாவவில்லை. மணிக்கட்டைப் பார்க்காமல் ஒரு வாக்கியம் பேசமாட்டார் என்பதால் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் கடிகாரம். அன்று கடிகாரம் வழியில் கண்டவர் கையையெல்லாம் பிடித்துக் குலுக்கியது. மாதக் கடைசியில் பணம் போடுகிறவர்கள் கூட்டம். அங்கே அறிவித்துவிடலாம் என்றார். நானும் சும்மா இருக்கவில்லை. அக்காவைக் கூப்பிட்டு, "கீரை வாங்குற கூடையத் துடைச்சு வை" என்றேன்.

அதற்குப் பிறகுதான் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகப் பழைய மருந்து கொடுத்திருந்த எலிகளின் எண்களைப் பார்த்தேன். அக்கா விழுங்கும் அதே மருந்து. அதிலும் இரண்டு தீனிக்கும் வித்தியாசம் இல்லை.

கீரையோடு சண்டை போடும் என்று ஊரறிந்த மருந்து எங்கள் எலிகளிடம் மட்டும் நல்ல பிள்ளையாக நடந்துகொள்ளுமா? அப்படியானால் எங்கள் சோதனைக்கே வித்தியாசம் காணும் திறமை இல்லை. காய்ச்சலில் நாக்கு செத்தவன், இரண்டு சமையலும் ஒரே ருசி என்று சொன்னதுபோல.

மறுநாள் காலை எலி அறையில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். மெத்தென்று மரத்தூள் பரப்பிய கூண்டுகள். தீனித் தொட்டியில் நாங்கள் அளந்து வைத்த உருண்டைகள். ஒரு எலி தின்றது, முகம் கழுவியது, பிறகு குனிந்து தன் புழுக்கையை எடுத்து நிதானமாக மென்றது. பக்கத்துக் கூண்டிலும் அதே விருந்துதான்.

இது ஒன்றும் கண்டுபிடிப்பல்ல. எலி தன் புழுக்கையைத் தின்னும் என்பதும், அதன் குடலில் வாழும் நுண்ணுயிர்கள் வைட்டமின் கே உண்டாக்கும் என்பதும் எங்கள் தொழிலில் எல்லோரும் படித்தவைதான். ஆனால் பாருங்கள், தொட்டியில் போட்டதை மில்லிகிராம் சுத்தமாக அளந்த நாங்கள், எலி இரண்டாம் பந்தியில் உட்காருவதைக் கணக்கில் சேர்க்கவில்லை. அசிங்கமான விஷயத்தைச் சோதனைக்குத் திட்டம் போட்டபோது யாரும் வாய்திறந்து பேசவில்லை, அவ்வளவுதான். வைட்டமின் கிடைக்காத கூட்டம் என்று ஒன்று எங்களிடம் இருக்கவே இல்லை.

கடிகாரத்திடம் போனேன்.

"எலிப் புழுக்கை மேல பழி போடுறியாம்மா? ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

"நாம இன்னும் ஆடவே இல்ல சார். அதத்தான் சொல்றேன்."

"நல்லா வந்திருக்கற முடிவ நீயே ஏம்மா கெடுத்துக்கற? உன் மருந்துதானே இது?"

"என் மருந்துங்கறதாலதான் கேக்குறேன். ஒரே ஒரு வரிசைக் கூண்டு குடுங்க. கூட்டத்துக்கு முன்னால முடிச்சிடறேன்."

மணிக்கட்டைப் பார்த்தார். "முடியலைன்னா இருக்கற முடிவ அறிவிச்சிடுவேன்."

"முடியும் சார்."

கம்பி வலைத் தரை போட்டால் போதும் என்றார்கள் சிலர். போதாது, எலி புழுக்கை கீழே விழும்வரை காத்திருக்காது, குனிந்து நேராகவே எடுத்துக்கொள்ளும். புழுக்கையைப் பிடிக்க வாலடியில் ஒரு சின்னக் குடுவை மாட்ட வேண்டும். விலங்கு நலக் குழுவிடம் விளக்கி அனுமதி வாங்கினேன். பிளாஸ்டிக் மருந்துக் குப்பிகளை வெட்டி, விளிம்பைச் சூட்டில் மழுக்கி, காற்றுக்குத் துளை போட்டு, தோல் உரசாமல் பஞ்சுப் பட்டை சுற்றினேன். முதலில் செய்தவற்றை எலிகள் ஒரே காலையில் கடித்துத் துப்பின. அடுத்தவை கழன்று விழுந்தன. கையில் கடிபடாத விரல் இல்லை.

ரத்தம் எடுப்பதில் எங்கள் கூடத்திலேயே கெட்டிக்காரியான தோழி, கதவில் சாய்ந்து நின்று சிரித்தாள். "எலிக்குக் கோவணம் கட்டுன முதல் ஆளு நீதான்டி."

"சிரிச்சது போதும், வந்து பிடி."

பிடித்தாள். மூன்றாம் தடவை குடுவை நின்றது. இரண்டு மருந்தையும் இரண்டு தீனியோடும் மறுபடி கொடுத்தோம். எல்லா எலிக்கும் குடுவை, அப்போதுதான் குடுவையின் மேல் யாரும் குற்றம் சொல்ல முடியாது. காலையும் மாலையும் நானே குடுவைகளைக் காலி செய்தேன். மருந்து பிழைக்கட்டும் என்றுதான் மனசு வேண்டியது. கை மட்டும் அதைக் கொல்லும் சோதனையை ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தது.

பழைய மருந்து முதலில் தன் சுயரூபத்தைக் காட்டியது. சோதனைக்குக் கண் திறந்துவிட்டது. பின்னாலேயே என் மருந்தும் காட்டியது. கீரைத்தூள் தின்ற எலிகளிடம் அது சோர்ந்து போனது. வைட்டமின் இல்லாத தீனி தின்றவற்றுக்கோ ஊசி குத்திய இடத்தில் ரத்தம் நிற்கவில்லை. ஒன்றுக்கு முழங்காலுக்குள் ரத்தம் கசிந்து வீங்கியது. மறுநாள் செத்துக் கிடந்தது. அந்தத் தீனி தின்ற எலிகளுக்கு அன்றே மருந்தை நிறுத்தினோம். தோழி என் தோளைத் தொட்டாள். நான் கழிப்பறைக்குப் போய் வாய்விட்டு அழுதேன்.

எண்களைப் படித்த கடிகாரம் வெகுநேரம் மணிக்கட்டைப் பார்க்கவில்லை.

"கூட்டத்துல என்னம்மா சொல்றது?"

"நடந்ததச் சொல்லுங்க சார். உங்களால முடியலைன்னா நான் சொல்றேன்."

"வேண்டாம். நானே சொல்றேன்" என்றார். சொல்லவும் செய்தார்.

அதைவிடப் பெரிய கூட்டம் எனக்கு அக்கா வீட்டில் இருந்தது. அத்தான் வேலை முடிந்து வரவில்லை. அக்கா எனக்கும் தனக்கும் சோறு போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். சுற்றி வளைக்காமல் சொன்னேன்.

அவள் கை அப்படியே நின்றது. "யாரும் கேக்கலையே. நீயா ஏன்டி நோண்டின?"

"கேக்காம விட்டிருந்தா உனக்குக் குடுத்திருப்பாங்கக்கா."

"குடுக்கட்டுமே! நிம்மதியா நாலு வாய் சாப்பிட்டிருப்பேன்."

"சாப்பிடுற நாள்ல சரி. சாப்பிடாத நாள்ல? அத்தான்கூடச் சண்டைன்னா நாள்கணக்கா பட்டினி கிடப்பியே, அப்ப? ரத்தம் நிக்காம செத்த எலிக்குக்கூட வயித்துல தீனி இருந்துச்சு. உனக்கு அதுகூட இருக்காது."

அவள் கண் நிறைந்து வழிந்தது. தட்டை விலக்கிவிட்டு எழப் போனாள். பாதி எழுந்தவள் என் முகத்தைப் பார்த்தாள். இப்போது விழுங்குவதும் அதே குணமுள்ள மருந்துதான் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். மறுபடி உட்கார்ந்து தட்டை இழுத்துக்கொண்டாள்.

"உன்மேல ஆத்திரமா வருது" என்றாள்.

"வரட்டும். சாப்பிடு."

அழுதுகொண்டே சாப்பிட்டாள். தட்டு காலியாகும்வரை நான் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.