சரிசெய்யும் வரை

பெற்றோர் குழுக் கூட்டத்துக்கு லிஃப்ட் மெக்கானிக் அரை மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டார். கதவு சரியாக மூடாத லிஃப்ட் ஒன்றைப் பாதியில் விட்டுவிட்டு வந்ததால் நகக்கண்களில் இன்னும் கிரீஸ் இருந்தது. சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் முழங்காலை மடக்கி உட்கார்ந்து, சொல்ல வேண்டியதை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தார். மகள் ஒன்பதாம் வகுப்பு. நீளம் தாண்டுகிறவள். பள்ளிகளுக்கு இடையிலான போட்டிக்கு இன்னும் ஐந்தே வாரம். அவள் தாண்டிப் பழகும் மணல் குழியோ மூன்று நாளாகக் கயிறு கட்டி மூடிக் கிடக்கிறது.

கூட்டம் தொடங்கியதும் தலைமையாசிரியை கண்ணாடியை மாட்டிக்கொண்டு தீர்மானத்தை வாசித்தார். "பெற்றோர் எழுத்தில் தந்த கோரிக்கையை ஏற்று, மைதானம் சரிசெய்யப்படும் வரை ஒன்பதாம் வகுப்புக்கும் அதற்கு மேலும் விளையாட்டுப் பாடவேளைகள் நிறுத்திவைக்கப்படுகின்றன. வாரத்தின் அந்த நான்கு வேளைகளும் கணிதத்துக்கு வழங்கப்படும்."

"நல்ல காரியம்" என்றார் மருந்துக்கடைக்காரர். அவர் மகனும் அதே வகுப்பு. "வெயில்ல குதிச்சுட்டு வந்து நோட்டைத் தொறந்தாலே கொட்டாவிதான்."

"எந்தப் பெற்றோர் மேடம் அப்படி எழுதினது?" மெக்கானிக் சண்டைக்குத் தயாராகத்தான் கேட்டார்.

தலைமையாசிரியை பெற்றோர் குறிப்பேட்டை அவர் பக்கம் திருப்பி வைத்தார். "நீங்கதான் சார்."

அவருடைய கையெழுத்துதான். மகள் முழங்காலில் சிராய்ப்போடு வந்த மறுநாள் எழுதியது. 'மணல் இறுகிவிட்டது. வலது ஓரத்தில் கற்கள் உள்ளன. பாதுகாப்பாக இல்லை. சரிசெய்யும் வரை பயன்படுத்த வேண்டாம்.' கீழே தேதி, நேரம், அழுத்தமாக இரண்டு கோடு.

இருபத்திரண்டு வருடமாக அவர் எழுதிவரும் வாசகம் அது. சிவப்பு அட்டையில் அதை எழுதி லிஃப்ட் கதவில் தொங்கவிட்டால் போதும். ஏழாம் மாடிக்காரர்கள் படியேறி மூச்சு வாங்கிக்கொண்டே மேனேஜரைப் பிடித்து உலுக்குவார்கள். மாதக்கணக்கில் வராத உதிரிபாகம் மறுநாளே வந்து நிற்கும். மணல் குழிக்கும் அதுதான் நடக்கும் என்று நம்பியிருந்தார். இந்தப் பள்ளியில் ஏழாம் மாடி என்று ஒன்று இல்லை. குழியை மூடியதால் மூச்சு வாங்கியவர் ஒருவரும் இல்லை.

"நான் சரிபண்ணச் சொல்லித்தான் எழுதினேன் மேடம்."

"நீங்களே இப்படி எழுதிக் குடுத்த பிறகு ஒரு பிள்ளையை நான் அதுல இறக்கி, கால் உடைஞ்சா யாரு பதில் சொல்றது?"

"குழி மட்டும்தானே? ஓட்டம், பந்து எல்லாம் என்ன பண்ணுச்சு?"

"மைதானம்னா எல்லாம் ஒண்ணுதான் சார்."

"சரி, ஞாயித்துக்கிழமை நானே வந்து கொத்திச் சலிச்சுப் போட்டுடறேன். ரெண்டு மணி நேர வேலை."

"வெளியாளுங்க வளாகத்துக்குள்ள வேலை செய்யக் கூடாது."

"நான் வெளியாளா? குழு உறுப்பினர் மேடம்!"

"உறுப்பினர் கருத்துச் சொல்லலாம். மண்வெட்டி எடுக்கக் கூடாது."

"விடுங்க அண்ணே" என்றார் மருந்துக்கடைக்காரர். "லிஃப்டை ரிப்பேர் பண்றவரு டைம்டேபிளையும் கழட்டிப் பாக்கணுமா?" அறை சிரித்தது.

மெக்கானிக் சுவரோரம் நின்ற விளையாட்டு ஆசிரியரைப் பார்த்தார். "நீங்களாவது சொல்லுங்க சார்."

ஆசிரியர் சட்டைப்பையிலிருந்த விசிலைத் தொட்டுக்கொண்டார். "என்னை இப்ப கணக்கு நோட்டுத் திருத்தப் போட்டிருக்காங்க" என்றார்.

தலைமையாசிரியை கெட்டவர் இல்லை. பேனாவை நீட்டினார். "ஒண்ணு செய்யலாம். 'பார்வையிட்டேன், பாதுகாப்பாக உள்ளது'ன்னு கீழேயே எழுதிக் கையெழுத்துப் போடுங்க. திங்கக்கிழமை கயித்தை அவுத்துடறேன்."

பேனாவை வாங்கினார். உள்ளே வரும்போதே குழியை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார். வலது ஓரத்தில் முஷ்டியளவுக் கல் ஒன்று துருத்திக்கொண்டிருந்தது. மூடாத கதவை மூடியதாக எழுதி இத்தனை வருடத்தில் அவர் ஒருமுறைகூடக் கையெழுத்துப் போட்டதில்லை. பேனா முனை தாளில் ஊன்றி நின்றது. மை பரவிப் பொட்டாகிப் பெரிதானது. எல்லோரும் காத்திருந்தார்கள்.

மூடியைப் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். "கல்லு அங்கேயேதான் இருக்கு மேடம்."

"அதைத்தான் நானும் சொல்றேன்."

"எப்ப சரிபண்ணுவீங்க?"

"மேலிடத்துக்கு எழுதியிருக்கோம். அடுத்த வருஷம் பாக்கலாம்."

தீர்மானத்துக்குப் பதினொரு பேரில் பத்துக் கைகள் உயர்ந்தன. குறிப்பு எடுத்துக்கொண்டிருந்த எழுத்தர், உயராத மெக்கானிக்கின் கையைப் பார்த்துவிட்டுத் தயங்கினார். "ஏகமனதாகன்னே போடுங்க" என்றார் தலைமையாசிரியை. "அவரோட கோரிக்கைதானே."

வீட்டு நடையில் மகள் அவருடைய அளவு டேப்பைத் தரையில் விரித்து, நின்ற இடத்திலிருந்தே தாண்டிக்கொண்டிருந்தாள். செருப்புச் சத்தம் கேட்டதும் திரும்பினாள்.

"கயித்தை அவுக்கறாங்களாப்பா?"

"இல்லம்மா."

"யாரோ ஒரு அப்பா புகார் எழுதினாராம். எந்த லூசுப்பா அது?"

"நான்தான்."

சிரித்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"கல்லு இருக்குன்னு எழுதினேன். எடுத்துடுவாங்கன்னு நெனச்சேன்."

"நான்தானே உங்ககிட்ட சொன்னேன், கல்லு இருக்குன்னு."

குனிந்து டேப்பின் பொத்தானை அழுத்தினாள். சரசரவென்று ஓடி உள்ளே சுருண்டது. அதை அவருடைய கருவிப் பைக்குள் பழைய இடத்திலேயே வைத்தாள்.

"இனிமே அடிபட்டா சொல்ல மாட்டேம்பா" என்றாள். குரலில் கோபம் இல்லை. மடித்துவிட்டிருந்த கால்சட்டையை முழங்காலில் பாதி உதிர்ந்த பொருக்கின் மேல் இழுத்துவிட்டுக்கொண்டு, கணக்கு நோட்டை எடுக்க உள்ளே போனாள்.