பரணோடு போன நெல்டா

குளவிக்கூட்டைத் தட்டிவிடத்தான் நெல்டா பரணில் ஏறினாள். வேறு எந்த எண்ணமும் இல்லை என்று பைபிள் மேல் கைவைத்துச் சொல்வாள். ஆனால் கூட்டைத் துடைப்பத்தால் தட்டி ஜன்னல் வழியே தள்ளிவிட்ட பிறகும் அவள் இறங்கவில்லை. புருஷன் எர்வினின் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். மெத்தை அவனுடைய உடம்புக்கேற்பக் குழிந்து கிடந்தது.

மான் வேட்டைக்கான பரண் அது. நான்கு இரும்புக் கால்கள், அவற்றின் உச்சியில் ஒட்டுப்பலகைப் பெட்டி, சுற்றிலும் தலை மட்டும் நுழையும் ஜன்னல்கள். எர்வின் தன் கையால் செய்தது. மேசன் ஊர்ப் பக்கத்து மலைக்காட்டில் நவம்பர் பிறந்தால் ஆம்பளைகள் வீட்டில் தங்கமாட்டார்கள், அவரவர் பரணில்தான் விடியல். எர்வின் மட்டும் என்ன விதிவிலக்கா? கல்யாணமான வருஷத்திலிருந்து நவம்பர் மாதத்துக் காலைக் காப்பியை நெல்டா தனியாகத்தான் குடித்திருக்கிறாள்.

இந்த வசந்தத்தில் அவன் மாட்டுக் கொட்டகையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை உடைத்துக்கொண்டான். புது எலும்பு வைத்த டாக்டர் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்: நடக்கலாம், டிராக்டர் ஓட்டலாம், ஏணி மட்டும் ஆகவே ஆகாது. பரணுக்கு ஏணியை விட்டால் வேறு வழி ஏது?

"தரையில ஒரு கூடாரம் போட்டு உக்காரேன். இப்ப எல்லாரும் அப்படித்தானே உக்கார்றாங்க" என்று நெல்டா சொல்லிப் பார்த்தாள்.

"தரையில பதுங்க நான் என்ன முயலா?" என்றான். அதோடு பேச்சு முடிந்தது. மறுநாளே பரணைப் பக்கத்துப் பண்ணை வெர்னலுக்குக் கொடுத்துவிடுவதாகப் போன் பண்ணிவிட்டான். அன்றிலிருந்து மனுஷனுக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை. டிவி முன்னால் உட்கார்ந்திருப்பான், அதில் என்ன ஓடுகிறதென்று கேட்டால் தெரியாது. இப்படியே விட்டால் குளிர்காலம் தாண்டமாட்டான் என்று அவளுக்குப் பயம் வந்துவிட்டது. அந்தப் பயத்தை யாரிடம் சொல்வது?

இன்று பரணை எடுத்துப்போய்ப் பண்ணைக் கேட்டில் வைக்கவேண்டும். வெர்னல் வண்டி கொண்டுவந்து ஏற்றிக்கொள்வான். "நான் முன்னாடி போய்க் குளவியைத் தட்டி வைக்கிறேன்" என்று காலைச் சாப்பாட்டில் நெல்டா சொன்னாள். அவனும் "ம்ம்" என்றான். காது மிஷின் அப்போது ஜன்னலோரம் சார்ஜில் கிடந்தது. அதை அவள் கவனித்திருக்கவேண்டும்.

டிராக்டர் சத்தம் மேட்டில் ஏறி வந்தது. கீழே நின்று கூப்பிடுவான், இறங்கலாம் என்று அவள் சாவகாசமாக உட்கார்ந்திருந்தாள். கூப்பிடவில்லை. ஏணியை எடுக்கும் சத்தம் கேட்டது. நேற்று ஏணியைச் சாத்தி வைத்தவன் அவன்தான், சாத்தின ஏணி சாத்தினபடி இருந்தால் சந்தேகம் ஏன் வரப்போகிறது?

பிறகு பெட்டியின் அடிப்பலகையில் டொம் டொம் என்று ஒரு நீளக் கம்பால் இடித்தான். பரணை நகர்த்தும் முன் எல்லாரும் செய்வதுதான். ஆந்தையோ பாம்போ உள்ளே இருந்தால் வெளியேறிவிடும். நெல்டாவோ தன்னைக் கேலி பண்ணுகிறான் என்று நினைத்தாள். எத்தனை நாள் கழித்து இந்த ஆளுக்கு ஒரு விளையாட்டு! சந்தோஷத்தில் பதிலுக்கு இவளும் டொம் டொம் என்று மிதித்தாள்.

கதவு சாத்திக்கொண்டது. காற்றில் கதவு அடித்துக் கீல் பிய்ந்துவிடாமல் வெளிக்கொண்டியைப் போட்டுத்தான் பரணைத் தூக்குவார்கள். ஏணி ஏற முடியாத எர்வின் கீழே நின்றபடியே அந்தக் கம்பால் கொண்டியை டக்கென்று விழுத்தினான்.

"ஏ மனுஷா! உள்ள ஆள் இருக்கு!"

டிராக்டர் ஓட்டும்போது காது மிஷினைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வது அவன் வழக்கம். நெல்டா தொண்டை கிழியக் கத்தினாள். தன் போன் சமையலறை மேசையில் இருப்பது நினைவுக்கு வர, இன்னொரு தடவை கத்தினாள். எர்வின் டிராக்டரின் முன்பக்க இரும்புக் கைகளைப் பரணின் குறுக்குச் சட்டத்துக்கு அடியில் நுழைத்தான், வாரைச் சுற்றி இறுக்கிக் கட்டினான், தூக்கினான்.

நெல்டா தடுமாறி ஜன்னல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள்.

நான்கு கால்களும் தரையைவிட்டு முழங்கால் உயரம் எழும்பின, அவ்வளவுதான். ஆனால் ஏற்கெனவே ஓர் ஆள் உயரத்துக்கு மேல் இன்னோர் ஆள் உயரத்தில் இருக்கும் பெட்டிக்குள் அடைபட்டுக் கிடப்பவளுக்கு அந்த முழங்கால் உயரமே வானத்துக்குப் போனமாதிரி இருந்தது. டிராக்டரின் கூரை மறைத்ததால் அவனுக்குப் பரணின் கால்கள் மட்டும்தான் தெரியும். துடைப்பத்தை முன்ஜன்னல் வழியாக வீசினாள். டிராக்டர் அதன் மேலேயே ஏறிப் போனது. நாற்காலி மெத்தையைப் பின்ஜன்னல் வழியாக வீசினாள். அது கூரையில் விழுந்து, அங்கேயே சொகுசாகப் படுத்துக்கொண்டது.

"நாசமாப் போறவனே" என்று திட்டிவிட்டு, அவள் தரையில் உட்கார்ந்து நாற்காலிக் காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஜெபம் பண்ணத் தொடங்கினாள்.

ஜெபம் முடியவில்லை. பெட்டி ஆடும், சரியும், இதோ கவிழப்போகிறது என்று கண்ணை மூடிக் காத்திருந்தாள். ஆடத்தான் செய்தது, ஆனால் தொட்டில்போல மெல்ல. இறக்கத்தில் அவன் டிராக்டரை நத்தையாக நடத்தினான். ஒரு கல் வந்தால் நின்றான், ஒரு சக்கரத்தை ஏற்றினான், நின்றான், அடுத்ததை ஏற்றினான். காலிப் பெட்டி என்றுதானே நினைத்திருக்கிறான்? காலிப் பெட்டிக்கா இத்தனை பதவிசு? அவளுக்குப் பயம் கொஞ்சம் தணிந்தது. எழுந்து ஜன்னலில் முகத்தை வைத்தாள்.

அடேயப்பா!

நாற்பது வருஷத்துக்கு மேல் அவள் வாழ்ந்த நிலம் அது. அதன் ஒவ்வொரு வேலிக்கம்பமும் அவளுக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தாள். இப்போது கருவாலி மரங்களின் உச்சிகள் அவள் கன்னத்துக்கு நேராக ஒவ்வொன்றாக நகர்ந்துபோயின. இலைகளின் மேற்பக்கம் அத்தனையும் பனியில் பளபளத்தது. ஒரு கிளையில் பருந்து உட்கார்ந்திருந்தது. கை நீட்டினால் தொட்டுவிடலாம். அது பறக்கவில்லை, தலையை மட்டும் சாய்த்து இவளைப் பார்த்தது. இவளும் பார்த்தாள். காடே தன் முன்னால் நடந்துவருவதுபோல இருந்தது அவளுக்கு. கத்த நினைத்ததையும் மறந்துபோனாள்.

அப்புறம் மான்கள் வந்தன. குளிர்காலத்தில் எர்வின் டிராக்டரிலிருந்துதான் சோளம் இறைப்பான். டிராக்டர் சத்தம் கேட்டால் சாப்பாடு வந்துவிட்டது என்று அவற்றுக்கு ஒரு கணக்கு. புதருக்குள்ளிருந்து ஒன்று, அதன் பின்னால் இரண்டு, அப்புறம் பள்ளத்திலிருந்து ஒரு கூட்டமே கிளம்பிவந்து டிராக்டருக்கு இருபுறமும் நடந்தது. அவற்றின் முதுகுகள் அவளுக்குக் கீழே பழுப்பும் சாம்பலுமாக அசைந்தன. தேருக்குப் பின்னால் ஜனங்கள் போகிற மாதிரி அவை போயின. தேருக்குள் நெல்டா இருந்தாள்! அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது, சிரிப்பும் வந்தது.

பாதை பள்ளத்துக்குள் இறங்கி, சுண்ணாம்புப் பாறையை ஒட்டித் திரும்புகிற இடத்தில் டிராக்டர் சட்டென்று நின்றது. எஞ்சினும் அடங்கியது.

முன்னால், பாதையின் நடுவில், பாஸ்டர் நின்றிருந்தது.

அந்தப் பக்கத்தில் அந்தக் கிழட்டு ஆண்மானைத் தெரியாதவர்கள் கிடையாது. ஊர் முழுக்கக் கோயிலுக்குப் போயிருக்கிற ஞாயிறு காலையில் மட்டும், மான் பார்க்க மரத்தில் கட்டியிருக்கும் கேமராவில் விழும். அதனால் பாஸ்டர் என்று பெயர். இரண்டு வருஷமாகக் கேமராவிலும் இல்லை. செத்துவிட்டது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அதுவோ வேரோடு பிடுங்கிய மரத்தைத் தலையில் வைத்துக்கொண்டதுபோல அத்தனை கொம்போடு, மோவாய் நரைத்து, மூச்சு ஆவியாகப் பறக்க, நிற்கிறது. மற்ற மான்கள் விலகி வழிவிட்டன. நெல்டா மூச்சை அடக்கிக்கொண்டாள். எஞ்சின் சத்தம் இல்லை. இப்போது கத்தினால் அவன் காதில் விழலாம், வெளியே வந்துவிடலாம். ஆனால் அவள் கத்தவில்லை. அந்த நேரத்தில் சத்தம் போடுவது பாவம் என்று தோன்றியது.

கீழே எர்வின் சட்டைப் பையிலிருந்து மிஷினை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டான். அதன் மூச்சைக் கேட்க ஆசைப்பட்டிருப்பான்.

"இன்னைக்கு ஞாயித்துக்கிழமைகூட இல்லையே, பாஸ்டர் ஐயா" என்றான் மெதுவாக. "நீங்க போய்ச் சேந்துட்டீங்கன்னுல்ல நெனச்சேன்."

மான் காதை அசைத்தது.

"நானும் பாதி போய்ச் சேந்துட்டேன். மேல ஏற முடியல. நாளையிலேருந்து இந்தப் பெட்டில வெர்னல் உக்காருவான். அவன் என்னமாதிரி இல்ல, சுட்டுருவான். பாத்து இருந்துக்கங்க." தொப்பியை நெற்றிக்கு மேலே தள்ளிக்கொண்டான். பிறகு சொன்னான்: "மூணு தடவை உங்களைக் குறியில வச்சிருந்தேன். விரல் அமுக்கமாட்டேன்னுருச்சு. குறி தப்பிருச்சுன்னு வீட்டுல சொன்னா, அவ என்ன கிழி கிழிப்பா தெரியுமா? பரவால்ல. உங்களைப் பாக்கத்தான் நான் ஏறினதே. இனி எங்க போய்ப் பாப்பேன்?"

அவன் குரல் உடைந்தது. இத்தனை மாதமாகத் தன்னிடம் சொல்லாததை ஒரு மானிடம் சொல்லுகிறானே என்று நெல்டாவுக்கு முதலில் கோபம் வந்தது, அடுத்த நொடி கண் நிறைந்தது. மான் அவசரப்படாமல் திரும்பி, பாறையோரமாக நடந்து, செடிகளுக்குள் மறைந்தது. அது போன வழியையே பார்த்துக்கொண்டிருந்தவளின் கண்ணில் அப்போதுதான் வேறொன்று பட்டது.

கதவுப் பக்கத்து ஜன்னலுக்கு வெளியே, எட்டிவிடும் தூரத்தில், பாறையின் தட்டையான மேல்விளிம்பு இருந்தது. கீழேயிருந்து பார்த்தால் அது வெறும் சுவர், இந்த வழியாக ஆயிரம் தடவை போயிருக்கிறாள். இங்கிருந்து பார்த்தால் மொட்டைமாடிபோல நீண்டு கிடந்தது. பெட்டியின் தரை அதைவிட முழங்கால் உயரம்தான் மேலே. அவன் பரணைத் தூக்கிப் பிடித்திருப்பதும் முழங்கால் உயரம்தான்.

எர்வின் சாவியைத் திருகப்போனான்.

"எர்வின், வண்டியை எடுக்காத!"

அவன் அப்படியே உறைந்துபோனான். பிறகு தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்தான்.

"கர்த்தர் இல்லய்யா, நான்தான்! மேல, பெட்டிக்குள்ள!"

"நெல்டா? ஐயோ! நீ எப்படி அங்க?"

"நீதான் கொண்டியைப் போட்டுத் தூக்கிட்டு வந்த, மகாராசா! இரு, இறங்கி ஓடி வராத, உன் இடுப்புக்கு ஆகாது. நான் சொல்றதை மட்டும் செய். பெட்டியைப் பாறைப் பக்கம் இன்னும் கொஞ்சம் ஒட்டு. இன்னும்... போதும், போதும்! இப்ப மெல்ல இறக்கு."

பரணின் கால்கள் தரையைத் தொட்டன. பெட்டியின் தரையும் பாறையும் ஒரே மட்டத்துக்கு வந்தன. நடுவில் ஒரு சாண் இடைவெளி.

"இப்ப மாட்டுப் பாதை வழியா மேல நடந்து வா. நடக்கலாம்னுதானே டாக்டர் சொன்னாரு?"

அவன் வாரை அவிழ்த்துவிட்டு, விந்தி விந்தி மேட்டைச் சுற்றி நடந்து வருவது கேட்டது. நேரம் ஆயிற்று. பாறைமேல் காலடி வந்து நின்றது. கதவு நெஞ்சுக்கு நேரே, கொண்டி கைக்கு எட்டும் இடத்தில் இருந்தது. இந்த வருஷம் முழுதும் தொட முடியாத கொண்டியை அவன் கையால் எடுத்தான். கதவைத் திறந்தான். ஒரு காலை உள்ளே வைத்தான், அடுத்ததையும் வைத்தான்.

"ஏணியே இல்ல நெல்டா" என்றான் குழந்தைமாதிரி.

"இல்லதான்."

அவன் தன் நாற்காலியில் உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பார்த்தான். பள்ளம் முழுக்க அவன் கண்ணுக்குக் கீழே விரிந்து கிடந்தது. பாஸ்டர் நின்ற இடம் நேர் எதிரே. அவன் உதடு துடித்தது. அவள் அவன் தோளில் கைவைத்தாள்.

தூரத்தில், கேட்டிலிருந்து, வெர்னலின் வண்டி ஹாரன் அடித்தது.

"வந்துட்டான்" என்றான் எர்வின்.

"அடிக்கட்டும். பரணுக்குப் பதிலா அவனுக்கு ஒரு பாட்டில் பீச் ஜாம் கொடுத்து அனுப்பிடலாம்."

எர்வினுக்குத் திடீரென்று ஏதோ உறைத்தது. மெல்லத் திரும்பினான். "ஏய்... நான் கீழ பேசிட்டிருந்தது உனக்குக் கேட்டுச்சா?"

"குறி தப்பின கதையா?"

அவன் காதுவரை சிவந்துபோனான்.

"உனக்குச் சுடவே தெரியாதுன்னு நான் ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கேனே, மனுஷா! இப்ப நான் என்னன்னு சொல்றது?"

ஹாரன் மறுபடி அடித்தது. எர்வின் ஜன்னலில் முழங்கையை ஊன்றி, செடிகள் அசைகிற இடத்தைப் பார்த்தபடி சொன்னான்: "அதையே சொல்லு. இந்த வருஷமும் தப்பும்."