முப்பது வீதப் புவால்

2015ஆம் ஆண்டு ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை, பாரிஸில் லா சப்பலில் இருக்கும் வாமதேவனின் மரக்கறிக் கடைக்குள் ஜெயரட்ணம் ஒரு பிளாஸ்ரிக் உறையோடு நுழைந்தார். ஜெயரட்ணம் வாமதேவனுக்குச் சகலன், மனைவியின் அக்காவைக் கட்டியவர். வயதில் ஆறு வருடம் மூத்தவர். நடையைப் பார்த்தால் அறுபது வருடம் மூத்தவர் மாதிரி. முருங்கைக்காய் வாங்க வந்த நாலைந்து பேர் நிற்பதைக் கண்டு திருப்திப்பட்ட பிறகுதான் உறைக்குள்ளிருந்த தாளை வெளியே எடுத்தார்.

பொபினியில் இருக்கும் தன் வீட்டுக்குப் 'புவால்' பூட்டியிருப்பதாக அறிவித்தார். கண்ணாடிக் கதவு வைத்த, விறகு எரித்து அறையைச் சூடாக்கும் இரும்படுப்பு அது. அவர் சொன்ன விதத்தில், நெருப்பு என்ற ஒன்றைத் தானே கண்டுபிடித்துப் பிரெஞ்சுக்காரருக்கு இலவசமாகக் கொடுத்ததுபோல இருந்தது.

"சும்மா அடுப்பெண்டு நினையாதையும், வாமதேவன். சூழலுக்கு நல்லதாம். அதுக்காகக் கவுண்மேந்து வரியிலை முப்பது வீதம் திருப்பித் தருகுது. இஞ்சை பாரும், எழுதிக் கிடக்கு."

வாமதேவன் பார்த்தார். எழுதித்தான் கிடந்தது. முருங்கைக்காய்க்காரர்களும் எட்டிப் பார்த்தார்கள். அதில் ஒருவர், "அரசாங்கம் ஆளைப் பாத்துத்தான் குடுக்கும்" என்று சொல்லிவிட்டு மிச்சக் காசை வாங்காமலே போனார். அந்த ஒரு வசனம் வாமதேவனின் நெஞ்சில் மீன்முள்ளாய் நின்றுவிட்டது.

இரண்டு பேரும் மார்க்ஸ் டோர்மோய் பக்கம் ஒரே கட்டடத்தில் குடியிருந்தார்கள். அஷெலெம் என்று எல்லோரும் சொல்லும் குறைந்த வாடகை அரச வீடுகள். ஜெயரட்ணம் நாலாம் மாடி, வாமதேவன் இரண்டாம் மாடி. ஜெயரட்ணம் பெரிய ரீவி வாங்கினால் வாமதேவன் அதைவிடப் பெரிதாய் வாங்குவார். அவர் பொபினியில் வீடு வாங்கியபோது இவர் இரண்டு தெரு தள்ளிப் பதினொரு சதுரமீற்றர் கூடின வீடாகப் பார்த்து வாங்கினார். ஜெயரட்ணம் தன் வீட்டை வாடகைக்கு விட்டார். வாமதேவன் ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் புல் வெட்டிவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு திரும்பி வந்தார். இருவரும் அஷெலெம் வீட்டை மட்டும் விடவில்லை. பதினொரு வருடம் காத்திருந்து கிடைத்த வீட்டை எவன் விடுவான்.

ஆனால் வாமதேவனிடம் ஒன்று இருந்தது. அவருடைய யன்னல். நாலாம் மாடி வீடு பின்முற்றத்தைப் பார்த்தது, அங்கே குப்பைத்தொட்டிகள்தான் தரிசனம். வாமதேவனின் யன்னலோ தெருவைப் பார்த்தது. ஆவணி முடிவில் பஜோல் தெருப் பிள்ளையார் கோயில் தேர் வரும்போது அந்த யன்னலுக்குக் கீழேதான் திரும்பும். ஒவ்வொரு வருடமும் அந்த ஒரு நாள் ஜெயரட்ணம் குடும்பத்தோடு இரண்டு மாடி இறங்கி வந்து கதவைத் தட்ட வேண்டும். "வாங்கோ அண்ணை, இடம் வைச்சிருக்கிறன்" என்று சொல்வதற்காகவே வாமதேவன் மிச்ச முந்நூற்று அறுபத்திநாலு நாளும் உயிரோடு இருந்தார் என்றால் அது பெரிய மிகையல்ல.

அன்று பின்னேரமே மனைவி மனோரஞ்சிதத்திடம் புவால் பூட்டப் போவதாகச் சொன்னார். அவர் கத்தரிக்காய் வெட்டுவதை நிறுத்தவில்லை.

"விறகடுப்புக்கு முன்னாலை இருந்து இருமி இருமித்தான் நான் பிளேன் ஏறினனான். இஞ்சையும் விறகடுப்போ?"

இது புவால் என்று வாமதேவன் திருத்தினார். அத்தானுடையதைவிடப் பெரிதாய்த்தானே போடப் போகிறீர்கள் என்று மட்டும் மனோரஞ்சிதம் கேட்டார். வாமதேவன் அதற்குள் அளவுநாடா தேடத் தொடங்கியிருந்தார்.

லா சப்பலில் தாள் விவகாரம் என்றால் ராதாகிருஷ்ணன்தான். பாண்டிச்சேரிக்காரர். ஒரு போன் கடையின் பின்பக்கம் மேசை போட்டு, எங்கள் சனத்துக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு நிபந்தனைகளைச் சொன்னார். அடுப்பை அரசு அங்கீகாரம் பெற்ற கொம்பனிதான் விற்றுப் பூட்ட வேண்டும், தெரிந்த பெடியனைக் கொண்டு பூட்டினால் ஒன்றும் கிடைக்காது. எரிகிற விறகில் இத்தனை வீதம் சூடாக மாற வேண்டும். வீடு கட்டி இரண்டு வருடம் தாண்டியிருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் வாமதேவன் தலையாட்டினார்.

"கடைசியா ஒண்ணு, மிசியே. அது உங்க ரெசிடான்ஸ் பிரான்சிபாலா இருக்கணும். நீங்க நிரந்தரமா வாழற வீடு. வாடகைக்கு விட்டதுக்கோ, பூட்டி வெச்சதுக்கோ கிடையாது."

தலை பாதியில் நின்றது. சகலனும் இங்கேதான் இருக்கிறார், அவருக்குக் கிடைத்திருக்கிறதே என்றார் வாமதேவன். அவர் எப்படி வாங்கினார் என்று தனக்குத் தெரியாது, சட்டம் இதுதான் என்றார் ராதாகிருஷ்ணன். போய் அவரையே கேளுங்கள் என்றும் சொன்னார்.

போய்க் கேட்பதாவது. சகலனிடம் போய், நீங்கள் எப்படிச் செய்தீர்கள் அண்ணை என்று வாய் திறந்தால் அதற்குப் பிறகு புவால் எதற்கு? வாமதேவன் தானாகவே யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார். ஜெயரட்ணம் துணிந்து பொபினி விலாசத்தைக் கொடுத்திருக்கிறார், ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. அவருக்கு அந்தத் துணிவு இருந்தால் தனக்கு இல்லையா?

"போடுங்கோ பொபினியை" என்றார்.

அதனால் அஷெலெம் வீட்டுக்கு ஏதும் வருமோ என்று ராதாகிருஷ்ணன் ஒருதரம் கேட்டார். காது கேளாதவர் மாதிரி வாமதேவன் எழும்பிவிட்டார்.

மார்கழி முதல் வாரம் எமில் என்ற வெள்ளைக்காரன் புவாலைக் கொண்டுவந்து பூட்டினான். அந்த அறைக்கு அதில் பாதிப் பெரிசே போதும் என்று அவன் இரண்டுமுறை சொன்னான். வாமதேவன் அவனைப் பரிதாபமாகப் பார்த்தார். அவனுக்குச் சகலன் இல்லைப் போலும். முதல் ஞாயிறு கடையிலிருந்து கொண்டுபோன மாம்பழப் பெட்டிப் பலகைகளை எரித்ததில் கண்ணாடி கறுத்துப்போய்விட்டது. துடைத்துவிட்டுப் படமெடுத்து எல்லோருக்கும் அனுப்பினார். ஜெயரட்ணத்திடமிருந்து ஒரு கட்டைவிரல் மட்டும் பதிலாக வந்தது. வாமதேவன் அந்தக் கட்டைவிரலை ஒரு கிழமை ஆராய்ந்தார்.

அடுத்த ஆண்டு ஆவணியில், தேருக்கு ஐந்து நாள் முன்னதாக, வரிக் கந்தோரின் கடிதம் வந்தது. ஆயிரத்து எண்பது யூரோ திருப்பித் தருகிறார்கள். காசை வாமதேவன் கணக்கிலேயே எடுக்கவில்லை. கடிதத்தைத்தான் எடுத்தார். பிளாஸ்ரிக் உறை வாங்கினார், சகலனுடையதைவிடத் தடித்தது.

தேர் நாள். சனம் நிறைந்த தெரு, தேங்காய்க் குவியல்கள், நாதஸ்வரம். ஜெயரட்ணம் மனைவி சாரதாதேவியோடு இரண்டு மாடி இறங்கி வந்தார். வாமதேவன் அவரை யன்னலடியில் இருத்தி, தேநீர் கொடுத்து, பிறகு ஏதோ தற்செயலாகக் கையில் பட்டதுபோல உறையை நீட்டினார்.

ஜெயரட்ணம் கண்ணாடி போட்டு மெதுவாக வாசித்தார்.

"உமக்குத் தந்திட்டாங்களே" என்றார். "கெட்டிக்காரன்தான். எனக்குத் தரேல்லை."

"தரேல்லையோ? அண்டைக்குக் கடையிலை காட்டினீங்கள் அண்ணை."

"அது கொம்பனிக்காரன் விலை போட்டுத் தந்த துண்டு. முப்பது வீதம் எண்டு அதிலை எழுதிக் கிடந்தது, அதைத்தான் காட்டினனான். கிடைச்சது எண்டு நான் சொன்னனானோ? வாடகைக்கு விட்ட வீட்டுக்கு எவன் தருவான்?"

வாமதேவனுக்குள் நாதஸ்வரம் ஒரு படி ஏறியது. பத்து வருடத்தில் இதுதான் முழு வெற்றி. அரசாங்கம் ஆளைப் பார்த்துத்தான் கொடுத்திருக்கிறது. அவர் முருங்கைக்காய்க்காரரை ஒருமுறை நினைத்துக்கொண்டார்.

ஜெயரட்ணம் இன்னும் தாளைத் திருப்பிக் கொடுக்கவில்லை. மேல்மூலையில் ஒரு விரலை வைத்தார்.

"விலாசம் பொபினி எண்டு கிடக்கு. அப்ப இந்த வீடு?"

"இதுவும் இருக்குது அண்ணை" என்றார் வாமதேவன்.

"ஓம் ஓம்" என்றார் ஜெயரட்ணம். பிறகு தேரைப் பார்க்கவில்லை. யன்னலைப் பார்த்தார். சட்டத்தின் அகலத்தை, திரைச்சீலைக் கம்பியை, கதிரை மூன்று போடலாமா நாலு போடலாமா என்று பார்ப்பவர் மாதிரி.

கார்த்திகையில் அஷெலெம் கந்தோரிலிருந்து வழக்கமான கடிதம் வந்தது. ஒவ்வொரு வருடமும் வருவதுதான்: வரிக் கடிதத்தின் பிரதியை அனுப்பவும். ஒவ்வொரு வருடமும் மனோரஞ்சிதம்தான் அனுப்புவார். இந்த முறை அவர் அந்தக் கடிதத்தையும் வரிக் கடிதத்தையும் மேசையில் பக்கத்துப் பக்கமாக வைத்துவிட்டுக் கணவனைக் கூப்பிட்டார்.

"இஞ்சருங்கோ. எதை அனுப்ப? எங்களிட்டை வேறை இல்லை."

தடித்த பிளாஸ்ரிக் உறைக்குள் பொபினி விலாசம் பளபளத்தது. வாமதேவன் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ராதாகிருஷ்ணனிடம் ஓடினார். ஒன்றில் வரிக் கந்தோருக்குப் பொய் சொன்னதாக எழுத வேண்டும், இல்லாவிட்டால் வீட்டை விட வேண்டும், அஷெலெமும் நிரந்தரமாக வாழ்பவருக்குத்தான், ஒரு மனிதர் இரண்டு வீட்டில் நிரந்தரமாக வாழ முடியாது என்றார் அவர். பொய் என்று எழுதினால் ஆயிரத்து எண்பதும் தண்டமும் போகும். அது பெரிதில்லை. கடிதமும் போகும். சகலனுக்குத் தெரியவும் வரும். வாமதேவன் பிரதியை அனுப்பச் சொன்னார்.

தை முடிவில் பொபினிக்குக் குடிபோனார்கள். அங்கே புவால் நன்றாகத்தான் எரிந்தது. அறைக்கு அது இருமடங்கு பெரிது என்பதால் இருவரும் மாசியிலும் பெனியனோடு, கதவைத் திறந்துவைத்துக்கொண்டு இருந்தார்கள். வந்து பார்க்கத்தான் ஒருவரும் இல்லை. காலையில் கடை திறக்க இரண்டு மெத்ரோ மாறினார். முன்பெல்லாம் படியிறங்கினால் கடை.

2017 ஆவணி. வாமதேவன் சனத்துக்குள் இடிபட்டுக்கொண்டு, உடைத்த தேங்காய்த் தண்ணீர் காற்சட்டையில் தெறிக்க, தேர் திரும்பும் முனையில் நின்றார். மேலே பார்க்கக் கூடாது என்று தீர்மானித்திருந்தார். பார்த்தார். இரண்டாம் மாடி யன்னலில் ஜெயரட்ணம் இருந்தார். காலியான வீட்டுக்கு உள்மாற்றம் கேட்டு எழுதியிருந்தாராம். பதின்மூன்று வருடம் ஒழுங்காக வாடகை கட்டியவர், கொடுத்துவிட்டார்கள். அவருடைய தாள்கள் எதிலும் பொபினி அவர் வாழும் விலாசமாக எழுதப்பட்டிருக்கவில்லை.

"வாமதேவன்" என்று மேலேயிருந்து குரல் வந்தது. "வாரும் மேலை. இடம் வைச்சிருக்கிறன்."

மனோரஞ்சிதம் ஏற்கெனவே அங்கே அக்காவுக்குப் பக்கத்தில் வடை தின்றுகொண்டிருந்தார். வாமதேவன் ஏறிப் போனார். தன் பழைய கதிரை இருந்த இடத்தில் ஒரு ஸ்டூலில் இருந்தார். தெருவின் இரைச்சல் எப்படி இவ்வளவு குறைந்தது என்று முதலில் விளங்கவில்லை. பிறகு கண்டார். ஜெயரட்ணம் ஒரு பக்க யன்னலைச் சாத்தி விரலால் தட்டிக் காட்டினார்.

"ரெண்டு கண்ணாடி. நீர் போய் மூண்டாம் மாசம் கந்தோர்க்காரரே வந்து மாத்தினவங்கள். ஒரு சதம் கேக்கேல்லை. இனிக் குளிர்காலத்திலை ஹீட்டரே தேவைப்படாதாம் எண்டால் பாருமன்."

அந்த யன்னலை மாற்றித் தரச் சொல்லி வாமதேவன் ஒன்பது கடிதம் எழுதியிருந்தார். தேர் கீழே திரும்பியது. எல்லோரும் கைகூப்பினார்கள். வாமதேவனும் கூப்பினார். கண் மட்டும் கண்ணாடி விளிம்பிலேயே நின்றது.

இருவரும் மெத்ரோவில் பொபினிக்குத் திரும்பினார்கள். படியேறி வெளியே வந்ததும் வாமதேவன் போனை எடுத்தார். ராதாகிருஷ்ணன் மறுமுனையில் வந்ததும் குரலைத் தாழ்த்தினார்.

"அண்ணை, யன்னலுக்கும் அந்த வரிச்சலுகை இருக்குதாமே. மூண்டு கண்ணாடி போட்டதும் விக்கிறாங்களோ?"