எட்டும் பதினாறும்

"எத்தனை வருஷம் ஓட்டப் போறீங்க?"

கேம் ஆட கிராபிக்ஸ் கார்டு கேட்டு வருகிற எல்லாரிடமும் அந்தக் கம்ப்யூட்டர் கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வி அதுதான். இரண்டு மூன்று வருஷம் என்றால் எட்டு ஜிபி மெமரி உள்ளதை எடுத்து வைப்பார். ஐந்தாறு வருஷம் என்றால் பதினாறு. தம்பிக்காகக் கார்டு வாங்க வந்திருந்த அக்காவுக்கு அந்தக் கேள்வி வேறு மாதிரி கேட்டது.

தம்பிக்கு இருபத்தாறு வயது. பார்வை கொஞ்சம் கொஞ்சமாக மங்கிக்கொண்டே போகும் நோய். எத்தனை வருஷம் என்று கண் டாக்டரிடம் அவளும் கேட்டுப் பார்த்துவிட்டாள். ஒன்றும் இருக்கலாம், நாலும் இருக்கலாம் என்றார் அவர். அவரைத் திட்டி என்ன பயன், அவருக்கே தெரியாது.

"தெரியலைங்க. பதினாறு ஜிபிதான் வேணும்னு தம்பி சொல்லி அனுப்பினான்."

பழைய கார்டு போன வாரம் புகைந்து உயிரை விட்டிருந்தது. கம்ப்யூட்டர் பெட்டியையே டாக்சியில் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள்.

"விவரமான தம்பிதான். ஏன்னு காட்டுறேன் பாருங்க." கடைக்காரருக்கு விற்பதைவிட விளக்குவதில்தான் ருசி அதிகம். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு திரை, இரண்டிலும் ஒரே கேம், ஒரே மலை. பதினாறு ஜிபி திரையில் பாறையின் ஒவ்வொரு விரிசலும் தெரிந்தது. எட்டு ஜிபி திரையில் அதே பாறை, வெந்நீர்க் குளியலுக்குப் பிறகு குளியலறைக் கண்ணாடியில் தெரியும் முகம் மாதிரி இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத் தெளிந்தது. கேமில் ஓடிக்கொண்டிருந்த குதிரை திரும்பியதும் மறுபடியும் மங்கியது.

"மெமரி பத்தலைன்னா இப்படித்தான். ஆடுறவங்க கண்ணைக் கசக்கிக் கசக்கிப் பார்ப்பாங்க. கண்ணுல ஒண்ணும் இருக்காது. கார்டுக்குத்தான் மூச்சு முட்டுது."

கண்ணில் ஒன்றும் இருக்காது. அந்த வார்த்தையை அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். ஆறு மாதமாக அவளும் இதைத்தானே சொல்லி வருகிறாள்? "மங்கலா இருக்குக்கா" என்று தம்பி சொல்லும்போதெல்லாம் "கார்டு பழசுடா" என்பாள். பல் ஆஸ்பத்திரியில் வேலை. நாளைக்கு இருபது பேரிடம் "வலிக்கவே வலிக்காது" என்று சொல்லிப் பழகிய வாய். பதினாறு ஜிபியை வாங்கிப் போட்டுவிட்டால் அப்புறம் எதைச் சொல்வது? பழி போட அந்த வீட்டில் கண்ணைத் தவிர வேறு எதுவும் மிஞ்சாது.

"எட்டே போடுங்க."

"அப்புறம் மங்கலா இருக்குன்னு குறை சொல்லக் கூடாது."

"குறை சொல்றதுக்குத்தான் வாங்குறேன்."

கடைக்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார்.

பதினாறு கையிருப்பில் இல்லை என்று சொல்லிவிடுவது என முடிவு செய்து, டாக்சியில் வரும் வழியெல்லாம் ஒத்திகை பார்த்தாள். வீட்டில் தம்பி மேஜையைத் துடைத்து, ஒயர்களை ஒழுங்குபடுத்தி வைத்துவிட்டுக் காத்திருந்தான். "பதினாறுதானேக்கா?" என்றான். அந்த முகத்தைப் பார்த்ததும் ஒத்திகையெல்லாம் காற்றில் போயிற்று.

"ஆமாடா."

வாயில் வந்துவிட்டது. அக்கா சொன்ன பிறகு சரிபார்க்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை.

அவன் ஆட உட்கார்ந்தான். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் ஹெட்செட்டைக் கழற்றி மேஜைமேல் வைத்தான்.

"மலை மங்கலா இருக்குக்கா. பாறையில ஒரு கோடு தெரியல."

'கார்டு' என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள். அப்போதுதான் தான் செய்த காரியம் அவளுக்கு உறைத்தது.

"பதினாறு ஜிபி. அப்போ கார்டு இல்ல." தம்பி இரண்டு கைகளையும் முழங்கால்மேல் வைத்துக்கொண்டான். "பரவாயில்ல விடுக்கா. வரும்னு தெரிஞ்சதுதானே."

அவன் அவளைத் தேற்றினான். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"எட்டுடா! நான் எட்டுதான் வாங்கினேன். பொய் சொல்லிட்டேன்."

தம்பி சிரித்தான். "இப்பதான் பொய் சொல்ற."

"சத்தியமாடா!"

"ஆறு மாசமா நீ என்ன சொல்றேன்னு எனக்குத் தெரியாதா? சில நாள் கார்டு, சில நாள் கண்ணு. எது எதுன்னு தெரியாம பைத்தியம் பிடிக்குது எனக்கு. அதுக்குத்தான் பதினாறு கேட்டேன். அது மங்காது. மங்கினா நான்தான்."

அவள் மௌஸைப் பிடுங்கினாள். எதை அழுத்துவது என்று தெரியாமல் அழுதாள். கடைசியில் அவனே கார்டின் மெமரி அளவைக் காட்டும் பக்கத்தைத் திறந்து எழுத்தைப் பெரிதாக்கினான். எட்டு. ரொம்ப நேரம் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான். கோபம்தான், ஆனால் கத்தவில்லை.

"கிளம்பு. மாத்திட்டு வருவோம். நானும் வரேன்."

கடைக்காரர் 'அப்பவே சொன்னேனே' என்று சொல்ல வாயெடுத்தார். இரண்டு முகங்களையும் பார்த்துவிட்டு அடக்கிக்கொண்டார். பதினாறைப் பொருத்தி, கடைத் திரையிலேயே இணைத்து, அதே மலையை வரவழைத்தார். தம்பி மூக்கு திரையில் இடிக்கிற அளவுக்குக் குனிந்து, இண்டு இடுக்கு விடாமல் பார்த்தான்.

"வலது பக்கம், மேல. அங்க மங்கலா இருக்கு. உனக்கு?"

கடைக்காரரின் கை நின்றது. அக்கா திரையைப் பார்த்தாள். ஒருமுறை கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தாள்.

"எனக்குத் தெளிவா இருக்குடா."

தம்பி தலையை ஆட்டினான். பிறகு அவள் கையைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்தான்.

"சரி. அங்க என்ன இருக்குன்னு சொல்லு."

"ஒரு கூடு இருக்கு. அதுல ரெண்டு குஞ்சு," என்றாள். அழுதுகொண்டேதான் சொன்னாள், ஆனால் உள்ளதைச் சொன்னாள்.